ஓம் கணக்கைப் பார்த்து பிக்கப் வாங்காதீர்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்ததுதான் பிக்கப். அதன் பெட்டியில் கண்ணில் படும் எண் டிசி மின்தடை. 6 கிலோஓம் என்றால் மென்மை, 12 என்றால் முரட்டு ஒலி என்று அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அது காட்டுவது கம்பியின் நீளத்தையும் தடிமனையும்தான். 42-ஆம் கேஜ் (கம்பித் தடிமன் எண்) கம்பிக்குப் பதில் மெல்லிய 43-ஐ அதே எண்ணிக்கையில் சுற்றினால் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு ஏறும். ஒலி அந்த அளவு மாறாது. 10 டிகிரி வெயில் கூடினாலே 4 சதவீதம் ஏறிவிடும் எண் அது!

கேட்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தைக் காயில் (கம்பிச் சுருள்) எதிர்க்கும் அளவு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வரும் ஒற்றைச் சுருள் வகையான சிங்கிள் காயிலில் இது சுமார் 2.4 ஹென்றி. 1955-இல் கிப்ஸன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த, இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் வகையில், காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று வீதம் இரண்டு காயில், சுமார் 4.4 ஹென்றி. சுற்று கூடினாலும், காயிலுக்குள் இரும்பு வந்தாலும் இது ஏறும். இதோடு கேபிளின் கபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கும். அதற்கு மேல் ட்ரெபிள் (உச்ச ஒலி) மளமளவென்று சரியும். கேபிளுக்கு 600 பைக்கோஃபாரட் வைத்தால், முதலாவதில் அந்த உச்சம் 4,200 ஹெர்ட்ஸ் அருகே, இரண்டாவதில் 3,100. ஒன்று கணீரென்றும் மற்றொன்று கனமாகவும் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். பிக்கப்பில் இருப்பது எந்த வகைக் காந்தம் என்ற பெயருக்குக் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

ஹம்பக்கர் மந்தமாகக் கேட்டால் வால்யூம் பாட்டை (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடையை) பாருங்கள். 250 கிலோஓம் பாட் அந்த உச்சத்தை அமுக்கும்; 500 போட்டால் திறந்துகொள்ளும்.

அடுத்து பிக்கப்பின் உயரம். கடைசி பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து காந்த முனை வரை அளந்து பாருங்கள். சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. வைத்துத் தொடங்கி, திருகைக் கால் சுற்றாகத் திருப்பிக் கேளுங்கள். சத்தம் வேண்டுமென்று ஏற்றிக்கொண்டே போனால் காந்தம் தந்தியை இழுக்கும்: மிகத் தடித்த ஆறாம் தந்தியில் 12-ஆம் பிரெட்டுக்கு மேல் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து நடுங்கும். எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் போகாது. கழுத்துப் பக்க பிக்கப்பை இறக்குங்கள்.

புதிய பிக்கப்பைப் பழையதோடு சேர்த்து ஒலிக்கும்போது மூக்கால் பேசுவது போல மெலிந்தால், ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டின் சமிக்ஞைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒன்றின் இரு ஒயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். அதற்கு உலோக மூடி இருந்தால், மூடியின் எர்த் இணைப்பை முதலில் பிரித்துத் தனி ஒயரில் எர்த் கொடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் விரல் பட்டதும் இரையும்.