கெம்பு, மாணிக்கம், பத்மராகம்: பேரைப் பாத்து கல்லு வாங்காதீங்க

பழைய நகை வாங்கி இன்ஸ்டாவுல விக்கிற பசங்க இப்ப நிறைய பேர் வர்றாங்க. எல்லாரும் கல்லைக் கொண்டுவந்து காட்டுறது காசு குடுத்த பிறகுதான், குடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தனும் வர்றதில்ல. இந்த தொழில்ல நாங்கல்லாம் ஆரம்பத்துல எந்தப் பள்ளத்துல விழுந்தோமோ அதேதான். லூப் (கல்லுக்குள்ள பாக்குற சின்ன பூதக்கண்ணாடி) இல்லாம போகாதே, பில் வாங்கு, இதெல்லாம் ஊருக்கே தெரியும், விடுங்க. நான் சொல்றது பேரை நம்பி ஏமாறுறது.

கெம்புன்னா மாணிக்கம்தானேன்னு நினைக்கிறது

அகராதியைக் கேட்டா ஆமான்னுதான் சொல்லும். கன்னடத்துல கெம்புன்னா சிவப்பு, நம்ம பாட்டிமாரும் மாணிக்கத்தை கெம்புன்னுதான் சொல்லுவாங்க. ஆனா இன்னிக்கு கடையில போய் கெம்பு செட்னு கேட்டா எடுத்துப் போடுறது பரதநாட்டியத்துக்குப் போடுற நகை. அதுல இருக்கிறது பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடியோ செயற்கைக் கல்லோதான். அதை நான் குறையா சொல்லல, நாகர்கோவில் வடசேரிக்காரங்க பண்ற கோயில் நகைக்கு புவிசார் குறியீடே இருக்கு, கைவேலைன்னா அதான் கைவேலை. மாணிக்கத்து விலை குடுத்து அதை வாங்குறதுதான் எரிச்சல்.

போன வருஷம் ஒரு தம்பி பழைய தங்க அட்டிகை ஒண்ணு கொண்டுவந்தான். தங்கத்துக்கு மேல கல்லுக்குன்னு தனியா ரெண்டு லட்சத்துக்குப் பக்கமா குடுத்திருக்கான். என்னப்பா கேட்டு வாங்குனேன்னா, "ஒரிஜினல் கெம்புதானேன்னு கேட்டேண்ணே, ஆமா தம்பி அசல் கெம்புன்னாரு"ங்கறான். வித்தவர் ஒரு பொய்யும் சொல்லல பாருங்க, பில்லுலயும் 'கெம்பு அட்டிகை'ன்னுதான் இருக்கு, எங்க போய் சண்டை போடுவான்? ஒரு கல்லைப் பேத்து எடுத்தோம். அடியில சிவப்புத் தாள், அதுக்குக் கீழ குழி நிறைய அரக்கு. தாள் போனதும் கல்லு வெளிறிப்போன ரோஸ் கலர்ல நிக்குது, லூப்ல பாத்தா உள்ள உருண்டை உருண்டையா காத்துக்குமிழி, கண்ணாடியேதான். அந்த அரக்கு எடையையும் தங்கத்தோட சேத்து காசு குடுத்திருக்கான், அது தனிக் கதை. தாள் இருந்தாலே போலின்னும் சொல்லிட முடியாது, நல்ல மாணிக்கத்துக்கும் பளபளப்புக்காக அந்தக் காலத்துல தாள் வச்சிருக்காங்க.

இதுக்கு நேர் எதிரா நடக்கிறதைப் பாத்தா இன்னும் வயித்தெரிச்சல். நகரத்தார் பர்மாவுல வியாபாரம் பண்ண காலத்துல அங்கேருந்து வந்த நிஜ மாணிக்கம் செட்டிநாட்டு நகையில எவ்வளவோ இருக்கு. வீட்டுல அதுக்குப் பேர் கெம்புத் தோடு. பேரன் பொண்டாட்டி அதை எடுத்துட்டுப் போய், கெம்புதானே, கல்லைக் கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும் விலை போடுங்கன்னு அவங்களே சொல்லிடறாங்க!

பழசுன்னா இயற்கைக் கல்லாத்தான் இருக்கும்னு அடிச்சுப் பேசுறவங்களுக்கு ஒரு விஷயம். பிரான்ஸ்ல வெர்னுயில்ங்கறவர் 1902லயே செயற்கை மாணிக்கம் செய்யற முறையை வெளியிட்டுட்டார், கொள்ளுப்பாட்டி கல்யாண நகையிலயே அந்தக் கல்லு இருக்கலாம். நிஜ மாணிக்கம் மாதிரியே மோஸ் கடின அளவுல அதுவும் 9தான், கீறிப் பாத்தெல்லாம் பிரயோஜனம் இல்ல. லூப்ல உள்ள இருக்கிற கோடு கிராமபோன் தட்டு மாதிரி வளைஞ்சு போனா செயற்கை, இயற்கைக் கல்லுல கோடு நேராவோ கோணமாவோ போகும், பட்டு நூல் மாதிரி மெல்லிசா ஊசி ஊசியாவும் தெரியலாம்.

அதனால 'ஒரிஜினலா'ன்னு கேக்காதீங்க. இயற்கையா, சூடு காட்டுனதா, விரிசல்ல கண்ணாடி நிரப்புனதா, மூணையும் தனித்தனியா கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, பெரிய தொகைன்னா லேப் சர்டிஃபிகேட் இல்லாம கை வைக்காதீங்க. ஈயக் கண்ணாடி நிரப்புன கல்லும் மாணிக்கம்ங்கற பேர்லதான் விக்குது, எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்த நிரப்பல் அரிச்சுப் போய் விரிசல் பல்லிளிக்கும்.

சிவப்பா இருந்தா மாணிக்கம்

பிரிட்டிஷ் மகாராஜா கிரீடத்துல முன்னாடி பெருசா பதிச்சிருக்கிற 'பிளாக் பிரின்ஸ் ரூபி'யே ரூபி கிடையாது, ஸ்பைனல்ங்கற வேற ஒரு கல்லு. பேர் மட்டும் இன்னும் மாறல.

பத்மராகமும் பத்பரட்சாவும் ஒண்ணு

இல்ல. நம்ம பத்மராகம் சிவப்பு மாணிக்கம். பத்பரட்சான்னு இன்னிக்கு விக்கிறது ரோஸும் ஆரஞ்சும் கலந்த சஃபையர், இலங்கைக் கல்லுக்குத்தான் அதுல பேரு. ரெண்டுமே குருந்தம்ங்கற ஒரே கனிம வகைக் கல்லு, பேரும் ஒரே தாமரையிலேருந்து வந்ததுங்கறதால குழப்பம்.

பழைய பாட்டை வச்சு விலை பேசுறது

சிலப்பதிகாரத்துல மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது பதுமம், நீலம், விந்தம், படிதம்னு நாலு வரும். அந்த 'நீலம்' நீலக்கல்லே இல்ல, நாலுமே மாணிக்க வகை. இலக்கியத்துல 'மணி'ன்னு வந்தா பல இடத்துல அது நீலமணி. படிச்சு ரசிங்க, கடையில எடுத்து விடாதீங்க.

இலங்கையில மாணிக்கம்னு சொன்னா

எல்லா ரத்தினத்தையும் சேத்துச் சொல்றாங்களா, சிவப்பை மட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. சிங்களத்துல மெணிக்னாலே பொதுவா ரத்தினம்தான்.

நாகமாணிக்கம்

அப்படி ஒரு கல்லே கிடையாது. விக்கிறேன்னு யாராவது கூப்பிட்டா போனை வச்சிருங்க.