கச்சான் அடிக்கையில் கித்துல்கல போகாதீர்கள்

இந்த ஆடியிலும் அதே அழைப்பு வந்தது. எங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்துத் தம்பிமார் ஐந்து பேர், வானுக்கு முற்பணமும் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள்: "அண்ணா, கித்துல்கலயில கன்யோனிங் செய்யப் போறம். வாறீங்களா?" எப்போது என்று கேட்டேன். "வாற சனி. இப்ப மழையே இல்லைத்தானே."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதையே சொன்னவன் நான்.

கன்யோனிங் என்பது மலை ஓடை வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீர் போகிற வழியிலேயே நடந்தும் வழுக்கியும் குதித்தும், தேவையான இடத்தில் கயிற்றில் தொங்கியும் கீழே வருவது. தலைக்கவசம் போடு, குடித்துவிட்டு இறங்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம் வானத்தைப் பார்த்து நாள் குறிப்பது

திருகோணமலையில் ஆனி, ஆடி என்றால் கச்சான் காற்று. துவைத்த துணி அரை மணித்தியாலத்தில் உலரும், கடல் அடங்கிக் கிடக்கும், புறாமலைத் தீவுக்குப் படகு ஓடும். நம் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும்தான். இதை வைத்து நாடு முழுவதற்கும் கோடை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

சரி, அந்தக் கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேற்கிலிருந்து. கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, கொண்டு வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் இல்லை, சூடுதான் இருக்கிறது. கித்துல்கல அந்த மேற்குச் சரிவில், களனி கங்கைக் கரையில் இருக்கிறது. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீற்றர் மழை. அந்தச் சரிவில் 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் உண்டு. நம் முற்றத்தில் கச்சான் பலமாக அடிக்கிறதென்றால் அங்கே ஓடைகள் நிரம்பி ஓடுகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் லீவு, எட்டுப் பேர், இரவு முழுக்க வானில் போய் விடியற்காலை இறங்கினோம். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. எங்களுடன் வந்த இரண்டு வழிகாட்டிகளில் இளையவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஓடையின் இரண்டாவது நீர்க்குழியில் நாங்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். நானும் பார்த்தேன். தெளிவாக இருந்த தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அவர் "வத்துர எனவா!" என்று கத்தினார். தண்ணீர் வருகிறதாம். பையையும் கயிற்றையும் போட்ட இடத்தில் விட்டுவிட்டு வேரைப் பிடித்துக் கரையேறினோம். எட்டுப் பேரும் இருக்கிறோமா என்று எண்ணி முடிப்பதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. அப்போதும் எங்கள் தலையில் ஒரு துளி விழவில்லை. மழை பெய்தது மேலே, எங்கள் கண்ணுக்கு எட்டாத மலையில்.

அந்த ஏற்றத்தில் நண்பன் ஒருவனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்றும் படியிறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பான். தொலைந்த கயிற்றுக்கு நான்தான் காசு கட்டினேன்.

நாங்கள் தப்பியது மூத்தவரின் கண்ணால். 1999 ஜூலை 27ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் இன்டர்லாக்கனுக்குப் பக்கத்து ஓடையொன்றில் இதே மாதிரி மேலே இடிமழை பெய்து, கீழே கன்யோனிங் செய்துகொண்டிருந்தவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 21 பேர் இறந்தார்கள். அதில் வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

ஆகவே போனில் வானிலை பார்ப்பதென்றால் திருகோணமலையைப் பார்க்காதீர்கள், கித்துல்கலயை மட்டும் பார்ப்பதும் போதாது, ஓடை எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலையைப் பாருங்கள். நமக்கு மழை ஓயும் தை, மாசிதான் நல்ல காலம். பங்குனி, சித்திரையில் அங்கே பிற்பகலில் இடிமழை பிடிக்கும். விடியவே இறங்கி மதியத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் எங்கே கரையேறலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் மாறினாலோ மேலே ஏறுங்கள். ஓடை வழியே கீழே ஓடித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும்.

கடல் பிள்ளை என்ற தைரியம்

டச்சுக்குடாவில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் பயமில்லை. அதுதான் பிரச்சினை. உப்புத் தண்ணீர் நம்மைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் பாதி காற்று. கையை எவ்வளவு வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. லைஃப் ஜக்கெட்டை "எனக்கு நீந்தத் தெரியும்" என்று கழற்றுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கயிற்று நுனியில் முடிச்சு

காய்ந்த பாறையில் கயிற்று நுனியில் முடிச்சுப் போடுவது உயிர் காக்கும். அருவிக்குள் இறங்கும்போது அதே முடிச்சு உங்களைக் கொட்டும் தண்ணீருக்கடியில் மாட்டி வைக்கும். கயிறு தண்ணீரைத் தொடும் அளவுக்கு விடப்பட்டு, நுனி வழுக்கிக் கழன்றுவர வேண்டும். மலையேறிப் பழகிய ஒருவர் முடிச்சுப் போட்டே தீருவேன் என்று என்னோடு கால் மணித்தியாலம் வாதாடினார். பின்னால் நின்றவர்கள் குளிரில் நடுங்கினார்கள்.

போன முறை குதித்த குழி

போன முறை ஆழமாக இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை வெள்ளம் வந்து எத்தனை கல்லை உருட்டிப் போட்டதோ. ஒவ்வொரு முறையும் ஒருவர் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஜீன்ஸ்

வேண்டாம்.

அட்டை

கடிக்கும்.

அந்தத் தம்பிமார் மாசிக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். வான்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை. காசு வீணாகக்கூடாதென்று அதே சனிக்கிழமை அதே வானில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய், அந்தக் கச்சான் வெக்கையில் ஐந்து பேரும் வெந்நீரை அள்ளி ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.