பூட்டிய வீட்டில் கரப்பான்: செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னோர் வழிபாடான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பல மாதம் கழித்து வந்து வீட்டைத் திறப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஆளே இல்லாத வீட்டில் இவ்வளவு கரப்பான் எப்படி?" வீடு பூட்டிக் கிடந்தால் பட்டினியில் செத்துப்போகும் என்று நினைக்கிறோம். மற்ற தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கரப்பானுக்குச் சாப்பாடு ஒரு கவலையே இல்லை. சாக்கடையில் வாழும் பெரிய செம்பழுப்பு வகையை அமெரிக்கக் கரப்பான் என்பார்கள். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. தண்ணீர் மட்டும் கிடைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்தும் அது பிழைக்கும். பழைய கணக்குப் புத்தகத்தின் பசை, சோப்புத் துண்டு, உதிர்ந்த முடி, செத்த பூச்சி எல்லாமே அதற்கு ஆகாரம்தான். போதாததற்கு, உடம்புக் கொழுப்பில் நைட்ரஜனை யூரிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. அந்தக் கொழுப்புக்குள்ளேயே குடியிருக்கும் பிளாட்டாபாக்டீரியம் என்ற நுண்ணுயிர், பஞ்ச காலத்தில் அந்தச் சேமிப்பிலிருந்து அமினோ அமிலம் தயாரித்துக் கொடுக்கிறது. கரப்பான் தடுமாறுவது தண்ணீர் கிடைக்காதபோதுதான்.

சரி, பூட்டிய வீட்டுக்குள் அது வருவது எப்படி? பெரும்பாலும் நாமே வழி விட்டிருப்போம். பழைய வீடுகளில் முதல் முற்றத்துக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுப் பக்கம் புதிதாகக் குளியலறை கட்டியிருப்பார்கள். அதன் தரைச் சல்லடைக்குக் கீழே, குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். சாக்கடையின் வாடையும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல மாதம் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும். அப்புறம் சாக்கடையிலிருந்து அடுப்படி வரை தடையே கிடையாது. ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. சல்லடையை ஒரு தட்டால் மூடி, மேலே கல்லும் வையுங்கள். நூறு ஸ்பிரேயைவிட இந்த ஒரு வேலைக்குப் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். வளவிலிருந்து, அதாவது நடு முற்றத்திலிருந்து, மழைத்தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை போடலாம். சொட்டும் குழாயைச் சரி செய்யாமல் பூட்டவே கூடாது.

சந்து பொந்து விஷயத்திலும் நம் கணக்குத் தப்பிவிடுகிறது. கதவுக்கடியில் இவ்வளவு சின்ன இடைவெளிதானே என்று விட்டுவிடுகிறோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கௌசிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. அமெரிக்கக் கரப்பான் உடலைத் தட்டையாக்கி 3 மில்லிமீட்டர் இடுக்கில் நுழைந்துவிடுகிறது. இரண்டு நாணயத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். தன் எடையைப்போல் 900 மடங்கு அழுத்தத்தையும் காயமில்லாமல் தாங்குகிறது. விளக்குமாற்றால் அடித்தது சற்று நேரத்தில் எழுந்து ஓடுவது இதனால்தான். தண்ணீர் ஊற்றித் துவாரத்தில் தள்ளிவிடுவதும் பயன் தராது. அது மூச்சு விடுவது உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக. அவற்றை மூடிக்கொண்டு அரை மணி நேரம் வரை நீருக்குள் தாக்குப்பிடிக்கும்.

விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி அடுப்படி முழுக்க ஸ்பிரே அடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கண்ணில் பட்டவை சாகும், மற்றவை சாமான் அறைக்குள் சிதறி ஓடும். மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதும் உதவாது. ஒரு மருந்துக்குத் தப்பிய ஜெர்மன் கரப்பான்களின் (வீட்டுக்குள் வாழும் சின்ன வகை) குஞ்சுகள், தாம் பார்த்தேயிராத வேறு மருந்துகளையும் தாங்குவதை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. ஜெல் மருந்து மெதுவாகக் கொல்லும். ஆனால் தின்ற கரப்பான் தன் பொந்துக்குத் திரும்பிச் சாகிறது, அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் மற்றவையும் சாகின்றன. கடுகளவு ஜெல்லை அலமாரி மூலையிலும் கதவுக் கீல் பக்கத்திலும் வைத்தால் போதும். அதன் பக்கத்திலேயே ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெல்லிலும் ஒரே வகையை வருடக்கணக்கில் வைக்காதீர்கள். குளுக்கோஸ் கசப்பாகத் தெரியும்படி மாறிப்போன ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் உண்டு, அவை அந்த இனிப்பு கலந்த மருந்தைச் சீந்துவதில்லை.

வளர்ந்த கரப்பான்களைக் கொன்றதோடு வேலை முடிந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். சீர்ப் பாத்திரம் வைத்த மரப்பெட்டியைச் சாய்த்து, அடிப்பலகையில் டார்ச் அடித்துப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் நீளத்தில், கரும்பழுப்பாக, ஓரத்தில் பல் பல்லாக ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முட்டைக்கூடு. உள்ளே 15 முட்டை போல இருக்கும். ஓடு கெட்டியானதால் ஸ்பிரே உள்ளே இறங்காது. பொரிய ஒன்றரை மாதம் ஆகலாம். சுரண்டி எடுத்து நசுக்குங்கள், குப்பையில் அப்படியே போடாதீர்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பெரிய கரப்பானைப் பற்றி. ஜெர்மன் கரப்பான் ஒன்றரை சென்டிமீட்டர்தான், கழுத்துப் பட்டையில் இரண்டு கருங்கோடு இருக்கும். இதன் மூதாதை சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்று 2024-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. இது பெரும்பாலும் சாமானோடுதான் வரும்: சமையலுக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரம், பழைய ஃபிரிட்ஜ், தேன்குழலும் சீப்புச் சீடையும் கட்டிய அட்டைப்பெட்டி. பெண் தன் முட்டைக்கூட்டைப் பொரியும்வரை சுமந்தே திரியும், ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை. பெட்டிகளை வாசலிலேயே பிரித்துவிட்டு அட்டையை வெளியே போடுங்கள்.

வெள்ளையாக ஒன்று தென்பட்டால் அது புது இனம் இல்லை. இப்போதுதான் தோலுரித்த கரப்பான், சில மணி நேரத்தில் நிறம் வந்துவிடும்.

அந்துருண்டை கரப்பானைக் கொல்லாது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தினால் ரத்த அணுக்களே சிதையலாம். பட்டுப்புடவைப் பெட்டியைத் திறக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, திறந்த வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கரப்பானின் எச்சமும் உடைந்த ஓடும் தூசியாகிப் பறந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளையும் ஆச்சிகளையும் அந்த வேலை முடிந்தபிறகு உள்ளே அழைத்து வாருங்கள்.