சீஷெல்ஸில் தனிப் படகு எடுத்து ஒரு வாரம்: படகைப் பார்க்கும் முன் மாதத்தை முடிவு செய்யுங்கள்

சீஷெல்ஸில் சொந்தமாக ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அனுப்புவது ஒரு படகின் போட்டோ. "இது நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். போட்டோவில் எல்லாப் படகும் நன்றாகத்தான் இருக்கும், அது கிடக்கட்டும், எந்த மாதம் போகிறீர்கள்? பூமத்திய ரேகைக்குத் தெற்கே நாலைந்து டிகிரி தள்ளி இருக்கிற நாடு, பெரிய புயல்கள் அந்தப் பக்கம் வருவது அபூர்வம், வருஷம் முழுக்க ஒரே வெயில், அதனால் எப்போது போனாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெயில் ஒன்றுதான், காற்று ஒன்றில்லை.

மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம், கடலும் அதற்கேற்ப எகிறும். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று வடமேற்கிலிருந்து வரும், மழையும் அப்போதுதான் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஏப்ரலிலும், அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையிலும் கடல் அடங்கிவிடும், தண்ணீர் தெளிந்து பவளப்பாறை வரை பளிச்சென்று தெரியும். குழந்தைகளோடு போகிறீர்கள், படகுப் பயணம் உங்களுக்குப் புதிது என்றால் இந்த இரண்டு இடைவெளிகளில் ஒன்றைப் பிடியுங்கள். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்குவது இந்த விஷயத்தில் வசதி. இஞ்சினை அணைத்துவிட்டுப் பாய் விரித்து ஓட வேண்டும் என்பவர்களுக்கு மே அல்லது செப்டம்பர். ஜூலையில் விலை நன்றாக இருக்கிறது என்று யாராவது இழுத்தால், கூட வருபவர்களில் யாருக்கு மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி வரும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மாதம் முடிவானால் எந்த விரிகுடாவில் ராத்திரி தங்கலாம் என்பதும் பாதி முடிவாகிவிடும். பிராலின் தீவின் ஆன்ஸ் லாசியோ எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும் கடற்கரை. அது வடமேற்கைப் பார்த்திருக்கிறது. தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் தீவே சுவராக நின்று மறைக்கும், நிம்மதியாக நங்கூரம் போட்டுத் தூங்கலாம். ஜனவரியில் அதே இடத்தில் அலை நேராக உள்ளே வரும், ராத்திரி முழுக்கத் தொட்டில் ஆட்டம்தான். அதனால் யாரோ நவம்பரில் போய் எழுதிய திட்டத்தை அப்படியே பிப்ரவரிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இப்போது படகு. முதல் முறை என்றால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் எடுங்கள். காற்றில் சாயாது, மேசையில் வைத்த டம்ளர் பெரும்பாலும் வைத்த இடத்தில் இருக்கும், 40 முதல் 45 அடிப் படகில் நான்கு அறையும் அறைக்கொரு கழிவறையும் கிடைக்கும். ஒற்றை உடல் பாய்மரப் படகு மலிவு, பாய் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதுதான் சுகம், ஆனால் மணிக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போவதை உங்கள் அத்தை ரசிப்பாரா என்பது வேறு கேள்வி. ஆட்கள் இல்லாமல் வெறும் படகாக எடுக்க வேண்டுமென்றால் உரிமமும் படகோட்டிய அனுபவக் குறிப்பும் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் ஸ்கிப்பரை, அதாவது படகை ஓட்டுபவரை, வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இருப்பவர்களும் முதல் தடவை அப்படிச் செய்வதில் தப்பில்லை, கிரானைட் பாறைகள் நீருக்கு அடியில் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். ஸ்கிப்பர் எங்கே படுப்பார் என்பதை முன்பே கேளுங்கள். முன்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன அறை இல்லாத படகில் உங்கள் நான்கு அறைகளில் ஒன்று அவருக்குப் போகும், அவர் சாப்பாடும் உங்கள் கணக்கு. படகில் பங்கு போட ஆள் சேராத ஜோடிகளுக்கு ஓர் அறையை மட்டும் விற்கும் பயணங்களும் இருக்கின்றன, ஆனால் அங்கே போகும் வழி உங்கள் கையில் இல்லை.

விலையைப் பொறுத்தவரை விளம்பரத்தில் இருக்கும் எண்ணை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். அது பெரும்பாலும் படகுக்கு மட்டும். ஸ்கிப்பர், சமையல்காரர், டீசல், கடல் பூங்காக் கட்டணம், மளிகை, படுக்கை விரிப்பும் கடைசிச் சுத்தமும், டிங்கியின் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) பெட்ரோல் எல்லாம் மேலே ஏறும். டிப்ஸ் வேறு. இவை போக ஒரு வைப்புத்தொகை. கிரெடிட் கார்டில் பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள், திரும்பி வந்ததும் சேதம் இல்லையென்றால் விடுவிப்பார்கள். கார்டின் வெளிநாட்டு வரம்பு அதற்குத் தாங்குமா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையைக் குறைக்கும் காப்பீடு ஒன்றும் விற்பார்கள். டிங்கியின் புரொப்பெல்லர் பாறையில் உரசினால் அது காப்பாற்றுமா என்று குறிப்பாகக் கேளுங்கள், அடிபடுவது பெரும்பாலும் அதுதான்.

சரியான வழி என்று ஒன்று இல்லை, ஆனால் தீவுகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. மாஹே தீவில் இருக்கும் தலைநகர் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் ஈடன் தீவிலிருந்து கிளம்பினால் பிராலின் சுமார் 25 கடல் மைல், நாலைந்து மணி நேரம். பாதை வடகிழக்கே போவதால் தென்கிழக்குக் காற்றும் வடமேற்குக் காற்றும் படகுக்குப் பக்கவாட்டில்தான் கிடைக்கும், போகவும் வரவும் பாய்க்கு ஏற்ற கோணம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வாடகைப் படகுகள் இருட்டிய பிறகு ஓடக் கூடாது, ஆறரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். பிராலினை அடைந்த பிறகு எல்லாம் அருகருகே: கியூரியஸ், சேன் பியேர், கூசான், லா டீக். நாலைந்து நாளுக்கு இதுவே தாராளம்.

கியூரியஸை மட்டும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். முன்பு தொழுநோயாளிகளைக் குடியேற்றிய தீவு, இப்போது கடல் தேசியப் பூங்கா. லாரே விரிகுடாவில் படகைக் கட்டிவிட்டு டிங்கியில் கரைக்குப் போனால், மணலில் ராட்சத ஆமைகள் சும்மா உலாவிக்கொண்டிருக்கும். கழுத்தின் அடியில் மெதுவாகச் சொறிந்துவிட்டால் நான்கு காலையும் ஊன்றி எழுந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நிற்கும். நீங்கள் கையை எடுத்தால்தான் நகரும். அங்கிருந்து அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதையில் நடந்து மறுபக்கம் போனால் பழைய மருத்துவர் வீடு. பகல் நேரச் சுற்றுலாக் கூட்டம் போன பிறகு போனால் ஆமைகளும் நீங்களும்தான்.

கூசான் வேறு மாதிரி. 1968இல் பறவைகளுக்காகவே வாங்கிக் காப்பாற்றிய தீவு. உங்கள் டிங்கியில் கரை ஏற முடியாது, காவலர்களே தங்கள் படகில் வந்து ஏற்றிப்போவார்கள், எலி போன்றவை தப்பித்தவறி வந்துவிடக் கூடாதே என்றுதான். வார நாள் காலையில் மட்டும் அனுமதி, அதைச் சுற்றி மற்ற நாட்களை அடுக்குங்கள். லா டீக்கில் துறை சின்னது. முன்னால் நங்கூரம், பின்னால் கயிறு கட்டிப் படகுகள் நெருக்கி நிற்கும், மதியத்துக்குள் போனால் இடம் கிடைக்கும். இறங்கியதும் சைக்கிள் எடுங்கள். பிரபலமான ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான் பவளத்திட்டுக்கு உள்ளே இருப்பதால் படகு அங்கே போகாது, வழியில் இருக்கும் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டித் தரைவழியாகத்தான் போக வேண்டும்.

படகு வாழ்க்கையில் பலருக்கு அதிர்ச்சி தருவது தண்ணீர். தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர்தான், எட்டுப் பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் மூன்றாம் நாள் வற்றிவிடும். கடலில் குளித்துவிட்டுப் பின்படியில் இருக்கும் ஷவரில் அரை நிமிடம் உப்பைக் கழுவினால் போதும். கழிவறையில் காகிதம் உட்பட எதையும் போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் சரிசெய்வது எல்லார் மனநிலையையும் கெடுக்கும். ஏசி பெரும்பாலும் ஜெனரேட்டர் ஓடும்போதுதான். துணியை மடங்கும் பையில் கொண்டுபோங்கள், கெட்டிப் பெட்டியை வைக்க இடமே இருக்காது. வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அந்த ஊர்க் கிரியோல் சமையலில் மீன், தேங்காய்ப்பால், சோறு, மசாலா எல்லாம் நம் நாக்குக்குப் பழகியவை. சைவர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் முத்திரை உடையாத பாக்கெட்டில் இருக்கட்டும். பழம், செடி, விதை, இறைச்சி எதையும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பெரும்பாலான பொருட்கள் இறக்குமதி என்பதால் மளிகை விலை கண்ணைக் கட்டும். விக்டோரியா சந்தையிலேயே காய்கறியை மொத்தமாக வாங்குங்கள். சந்தைக்குப் பக்கத்திலேயே விநாயகர் கோவில் கோபுரம் தெரியும், தலைமுறைகளாக அங்கே இருக்கும் தமிழர்கள் கட்டியது. படகேறும் முன் ஒரு கும்பிடு போட்டுவிட்டும் போகலாம்.

விசா தேவையில்லை, ஆனால் கிளம்பும் முன் ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடமும் கேட்பார்கள், அதனால் படகு ஒப்பந்தத்தின் தேதிகளும் விமானத் தேதிகளும் இடைவெளி இல்லாமல் பொருந்தட்டும். படகை ஒப்படைப்பது பெரும்பாலும் காலையில், ஆகவே கடைசி ராத்திரி மாஹே பக்கம், செயின்ட் ஆன் கடல் பூங்காவில் நங்கூரம் போட்டால் விடிந்ததும் துறைக்குப் போய்விடலாம். அன்றைக்கே மதிய விமானம் பிடிக்கப் பார்க்காதீர்கள், டீசல் நிரப்ப வரிசை, படகைச் சோதிக்க ஒரு மணி நேரம், அப்புறம் வைப்புத்தொகைக் கணக்கு.