பழைய ரேடியோவின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு மாற்று கண்டுபிடிப்பது எப்படி?

1960-களின் கையடக்க ரேடியோவைத் திறந்தால் ஓசி44, ஓசி45, ஓசி71, ஓசி72 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் எண்கள் தென்படும். சற்றுப் பிந்தையவற்றில் ஏஎஃப்117, ஏசி128 இருக்கும். இவற்றில் ஒன்று செத்துவிட்டால் அதே எண்ணைத் தேடி அலைய வேண்டாம். அது மின்சுற்றில் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் முக்கியம்.

படி 1: பழுதை உறுதி செய்யுங்கள்

பழைய ரேடியோக்களில் பெரும்பாலும் முதலில் கெடுவது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான். அவற்றை மாற்றிய பிறகே டிரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள்.

ஏஎஃப்117 மட்டும் விதிவிலக்கு. அதன் உலோகக் கூட்டுக்குள் வெள்ளீயம் மயிரிழைபோல் வளர்ந்து, உள்ளுறுப்புகளைக் கூட்டோடு இணைத்துவிடும். கூட்டோடு சேர்ந்த நான்காவது காலுக்கும் மற்ற கால்களுக்கும் இடையே மல்டிமீட்டர் இணைப்புக் காட்டினால் இதுதான் நோய். அந்த நான்காவது காலை மட்டும் வெட்டிவிடுங்கள். பல நேரங்களில் செலவில்லாமல் ரேடியோ பாடிவிடும்.

படி 2: வேலைக்கேற்ற மாற்று

ஒலிப் பெருக்கத்தின் முதல் கட்டத்தில் உள்ள ஓசி71-க்கு ஏசி125 அல்லது ஏசி126. வெளியீட்டு ஜோடியான ஓசி72-க்கு ஏசி128. ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஓசி44, ஓசி45 இரண்டும் உயர் அதிர்வெண்ணில் வேலை செய்பவை, அங்கே ஏசி128 ஒத்துவராது; ஏஎஃப்117 அல்லது ஏஎஃப்127 தேவை. இந்தியாவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஏசி128 தயாரித்ததால், பழைய கடைகளின் இருப்பில் அது சில சமயம் அகப்படும்.

படி 3: வாங்கியதைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர்; பேஸுக்குக் கொடுக்கும் சிறு மின்னோட்டம் கலெக்டரில் எத்தனை மடங்காகிறது என்பதே பெருக்கம். ஜெர்மானியத்தில் பேஸுக்கு எதுவும் கொடுக்காமலே கலெக்டரில் சிறிது மின்னோட்டம் கசியும். மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் சாக்கெட் அந்தக் கசிவையும் பெருக்கமாக எண்ணிக்கொள்வதால், சொத்தை டிரான்சிஸ்டர்கூட அங்கே பிரமாதமாகத் தெரியும்.

சரியான முறை இது. பிஎன்பி டிரான்சிஸ்டரின் (மேலே சொன்ன எண்கள் எல்லாம் இந்த வகைதான்) எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலும், கலெக்டரை 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எதிர்முனையிலும் இணையுங்கள். பேஸைத் தொங்கவிட்டு அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 0.24 வோல்ட் வந்தால் கசிவு 100 மைக்ரோ ஆம்பியர். பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக எதிர்முனைக்கு இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாவது அளவிலிருந்து முதல் அளவைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பதே ஏறத்தாழ உண்மையான பெருக்கம்.

அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்காதீர்கள். உடல் சூட்டுக்கே கசிவு ஏறும். ஓசி71-இன் கறுப்புப் பூச்சையும் சுரண்டக் கூடாது, கண்ணாடி வழியே வெளிச்சம் பட்டாலும் அளவு மாறும். இந்தக் குணத்தையே மூலதனமாக்கி ஓசிபி71 என்ற ஒளி டிரான்சிஸ்டரை விற்றார்கள்!

பழைய எண்ணை அச்சிட்ட சிலிக்கான் போலிகளும் சந்தையில் உண்டு. டயோடு சோதனையில் பேஸ்–எமிட்டர் இடையே 0.2 வோல்ட்டை ஒட்டி வந்தால் ஜெர்மானியம், 0.6-க்கு மேல் வந்தால் சிலிக்கான்.

படி 4: ஜெர்மானியமே கிடைக்காவிட்டால்

ஓசி71 இருந்த இடத்தில் பிசி558 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போடலாம், ஆனால் பேஸ் வோல்ட்டை உயர்த்த வேண்டும். 9 வோல்ட் சுற்றில் பேஸுக்கு வோல்ட்டைப் பங்கிட்டுத் தரும் 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பிரிப்பான் இருப்பதாகக் கொள்வோம். எமிட்டரில் 1 கிலோ ஓம். பேஸில் சுமார் 1.58 வோல்ட், ஜெர்மானியம் 0.15 எடுத்துக்கொண்டால் 1.4 மில்லி ஆம்பியர் ஓடும். சிலிக்கானோ 0.65 கேட்பதால் மின்னோட்டம் 0.9-ஆகக் குறையும். 47-ஐ 33 கிலோ ஓமாக மாற்றினால் பேஸ் 2.09 வோல்ட்டாகி, பழைய 1.4 திரும்பிவிடும்.

வெளியீட்டு ஜோடியில் இந்த வேலையைத் தொடக்கநிலையில் முயல வேண்டாம். அங்கே பேஸுக்குக் கிடைக்கும் சார்பு வோல்ட் (பயாஸ்) போதாவிட்டால் ஒலி கரகரக்கும், மிகுந்தால் டிரான்சிஸ்டர் சூடாகிச் சாகும்.

படி 5: பொருத்துதல்

ஓசி71-இல் சிவப்புப் புள்ளியை ஒட்டிய கால் கலெக்டர், நடுவில் பேஸ். பிசி558-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். ஜெர்மானியத்தைச் சால்டர் செய்யும்போது கால்களை நீளமாக விட்டு, உடலுக்கும் சால்டர் முனைக்கும் நடுவே சூட்டை உறிஞ்ச ஒரு குரோகடைல் கிளிப் மாட்டுங்கள். ஓசி71-இன் உட்பகுதி 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது.