மட்டக்களப்பு வாவியில் படகு ஏறுமுன்: வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

நிலா இரவில் வாவித் தண்ணீருக்குள் இருந்து வரும் ஒலியைத்தான் பாடும் மீன் என்கிறோம். எஞ்சின் பூட்டிய படகில் போய் அதைக் கேட்க முடியாது. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், காற்று விழுந்த பௌர்ணமி இரவில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மற்ற நுனியைக் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டும். 1848இல் இங்கு வந்த காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட், படகின் பலகையில் காதை வைத்ததும் ஒலி கூடியது என்று எழுதினார். வைன் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வரும் ஒலியாம். எழுப்புவது ஊரி என்ற நீர்நத்தை என்று மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய ஒலிக்குப் பக்கத்தில் எஞ்சின் ஓடினால் என்ன மிஞ்சும்?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அக்காவின் மகன். நான் ஊரில் போய் இறங்கிய கையோடு அவன் திட்டத்தை விரித்துவிட்டான். கண்ணாடியிழைப் படகு கைவசம் இருக்கிறது, 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றை மாமா எடுத்துத் தந்தால் போதும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுபோகலாம். பாட்டுப் பெட்டியும் பூட்டலாமாம். மீன்பாட்டைக் காட்டுவதற்கு!

படகைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். கரையில் வயதான தோணிக்காரர் ஒருவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் வலையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குக் கிழிசல். விளிம்பில் நைலோன் கண்ணிகள் முறுகிக் கயிறாய் இறுகி, எண்ணெய் பிடித்துக் கறுத்திருந்தன. அந்தியில் கட்டி விடியலில் எடுக்கிற வலை. மிதப்பு இருட்டில் தெரிவதில்லை, வேகமாக வந்த படகின் காற்றாடி அதையும் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது. யாருடைய படகு என்று அவர் சொல்லவில்லை. மருமகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

முடியாது என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் எனக்கு நிம்மதி இல்லை. அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்காகப் பேச ஒவ்வொருவராக வந்தார்கள்: கோயில் சபைக்காரர், என்னோடு படித்தவர், ஊரில் எனக்கு ஞாபகமே இல்லாத ஒரு பெரியப்பா. எந்த விருந்தும் எஞ்சின் கதை இல்லாமல் முடியவில்லை. மனதில் பட்டதை மருமகனே சொன்னான்: "மாமா, நீங்க அங்க இருந்துகொண்டு அமைதியப் பத்திப் பேசலாம். எங்களுக்கு அமைதி சோறு போடாது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சண்டைக் காலத்தில் அவனுடைய அப்பா இதே வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோய்க் குடும்பத்தைப் பார்த்தவர். அப்போது நான் வெளிநாட்டில் இருந்தேன். ஆனாலும் அந்த வலையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆகவே எஞ்சினுக்கு உங்களிடம் காசு கேட்டால் வீட்டுக்குள் இருந்தபடி பதில் சொல்லாதீர்கள். கரைக்குப் போய் வலை கட்டுகிறவர்களிடம் விசாரியுங்கள். படகின் பதிவு யார் பெயரில், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடும், வலை அறுந்தால் யார் கொடுப்பது என்று கேளுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சிறிய நான்கு வீச்சு (four-stroke) எஞ்சின் போதும். பழைய இரண்டு வீச்சு (two-stroke) எஞ்சின் சத்தம் மட்டுமா போடுகிறது? எரியாத எண்ணெயையும் தண்ணீரில் விடுகிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றரைத் தாண்டி ஓட்டக் கூடாது, ஓட்டுநர் அட்டையும் வேண்டும். அதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் கட்டுப்படுகிற எங்கள் ஆட்கள், ஊரில் ஏறியதும் "இன்னும் கொஞ்சம் விடு தம்பி" என்கிறார்கள். வாவி 56 கிலோமீற்றர் நீளம்தான், ஆனால் ஆழம் குறைவு. பெரிய படகு எழுப்புகிற அலையில் வீச்சுவலைக்காரர் தோணியில் நிலை தடுமாறுவார். தோணியைக் கண்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பது நீங்கள், ஓட்டுகிறவர் உங்கள் சொல்லைக் கேட்பார்.

பாட்டுப் பெட்டி விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம். 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் (Supreme Court) கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி போட முடியாது. பௌர்ணமி போயா விடுமுறை நாள் என்பதையும் நினைவில் வையுங்கள். சாராயக் கடை பூட்டு, அலுவலகமும் பூட்டு.

உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி. 2021 நவம்பரில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை மழையும் வெள்ளமும். அந்த நேரம் போகிறவர்கள் வாவியைக் கரையிலிருந்து பார்ப்பது நல்லது.

தோணி பிடிக்கப் பகலிலேயே கரைக்குப் போய்ப் பேசுங்கள். கூலியையும் நேரத்தையும் ஏறுமுன் முடிவு செய்யுங்கள், பேரம் பேசி அவரை நோகடிக்காதீர்கள். அந்த இரவு அவர் தன் வலையை விட்டுவிட்டு உங்களோடு வருகிறார். கைபேசியை அணைத்து வையுங்கள். பாலத்தில் வாகனம் குறைய நேரமாகும், அதுவரை பொறுமை வேண்டும்.

மருமகனுக்கும் எனக்கும் இன்னும் பேச்சில்லை. அவன் தங்கையின் படிப்புக்கான காசு மாதாமாதம் அக்காவின் கணக்குக்குப் போகிறது. எஞ்சினுக்கு நான் அனுப்பப் போவதில்லை.