மேடையில் முதல் ஐந்து நிமிடம்: ஸ்டாண்ட்அப் காமெடியும் தொகுப்பாளர் வேலையும்

ஸ்டாண்ட்அப் காமெடியன், நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்று பெயர் இரண்டானாலும் பெரும்பாலும் ஆள் ஒருவர்தான். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பாப் ஹோப் 1940 முதல் 1978 வரை 19 முறை ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்கினார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சிரிக்க வைக்கத் தெரிந்தவர் கையில் மைக் இருந்தால் நீண்ட விழாவும் சோர்ந்து போகாது. இத்துறையில் பலருக்கு மாதச் செலவுக்குக் கைகொடுப்பது தொகுப்பாளர் வேலை, பெயர் வாங்கித் தருவது ஸ்டாண்ட்அப்.

எதிலிருந்து தொடங்குவது? ஸ்டாண்ட்அப்பிலிருந்து என்பேன். தனியாக நின்று அரங்கின் மௌனத்தைத் தாங்கப் பழகியவர், தொகுக்கும்போது கூட்டம் அமைதியாகிவிட்டால் பதறிப்போய் வாய்க்கு வந்ததைப் பேச மாட்டார்.

படி 1: எழுதி வையுங்கள்

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் பில்லிஸ் டில்லர் தன் ஜோக்குகளை அட்டைகளில் தட்டச்சு செய்து, இரும்பு அலமாரியின் இழுப்பறைகளில் தலைப்புவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த அட்டைகள் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்களுக்கு அலமாரி வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஆனால் அதில் ஜோக் எழுத உட்காராதீர்கள். இன்று எது எரிச்சலூட்டியது, எங்கே கூச்சப்பட்டீர்கள், எதற்குப் பயந்தீர்கள், வீட்டில் யார் என்ன வினோதமாகச் சொன்னார்கள் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கடி ஜோக்கை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் அப்பாவைப் பற்றி உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும்.

படி 2: ஒரு ஜோக்கைச் செதுக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஜோக்குக்கு இரண்டு பகுதி. கேட்பவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்குவது செட்டப், அதை உடைப்பது பஞ்ச். பஞ்சுக்குப் பிறகு, புதிய செட்டப் இல்லாமலே அதே விஷயத்தில் இன்னொரு சிரிப்பை எடுத்தால் அது டேக்.

நோட்டில் “அப்பா போனில் கத்துவார்” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி வரும்:

“எங்கப்பா எப்பவுமே போன்ல ரொம்ப சத்தமாதான் பேசுவார், கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும், எங்க சித்தப்பா போனை எடுக்காமலே பதில் சொல்லிடுவார், ஏன்னா அவர் அடுத்த தெருவுலதான் இருக்கார்.”

இதில் மூன்று தவறு. “சிரிப்பு வரும்” என்று முன்கூட்டியே சொன்னால் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு ‘எங்கே, பார்ப்போம்’ என்று உட்கார்ந்துவிடும். அடுத்த தெரு என்ற தகவல் முன்னால் வந்திருக்க வேண்டும். எதிர்பாராத விஷயம் நடுவில் மாட்டிக்கொண்டதால், சிரிக்கலாமா என்று அவர்கள் யோசிக்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். திருத்தினால்:

“எங்கப்பா போன்ல சத்தமா பேசுவார். அடுத்த தெருவுல இருக்கிற சித்தப்பாவைக் கூப்பிட்டா... சித்தப்பா போனை எடுக்காமலே பதில் சொல்றார்.”

டேக்: “மூணு மாசமா ரீசார்ஜே பண்ணல. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.”

பஞ்ச் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும். வந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிரிப்பு எழும்போதே அடுத்த வரியைத் தொடங்குவது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால், பேச்சைக் கேட்பதற்காகவே கூட்டம் சிரிப்பை நிறுத்திவிடும்.

படி 3: ஐந்து நிமிடம் சேர்த்துக் கட்டுங்கள்

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறக்கூடிய ஓபன் மைக் மேடைகளில் புதியவருக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடம் என்றால் வீட்டில் நான்கு நிமிடத்தில் முடிகிற அளவுக்கு எழுதுங்கள். மிச்சம் சிரிப்புக்கு. இருப்பதில் மிகச் சிறந்த ஜோக் கடைசியில், அதற்கு அடுத்தது முதலில், சந்தேகமானவை நடுவில். முடிவில் தொடக்க ஜோக்கின் ஒரு துணுக்கைத் திரும்பக் கொண்டுவர முடிந்தால் அதற்குத் தனி வரவேற்பு உண்டு. இதை கால்பேக் என்பார்கள். முடியாவிட்டால் வலிந்து செய்ய வேண்டாம்.

படி 4: மைக்கோடு பழகுங்கள்

நின்றுகொண்டு, சத்தமாக, கையில் ஏதாவது ஒன்றை மைக் போலப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. மேடை ஏறியதும் மைக்கைக் கழற்றினால் ஸ்டாண்டை உங்களுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். முன்னாலேயே நின்றால் அது உங்களை மறைக்கும். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருக்கட்டும், தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாலோ மைக்கை ஸ்பீக்கர் பக்கம் காட்டினாலோ ஸ்பீக்கர் வீறிடும்.

படி 5: ஓபன் மைக்

முதல் முறை பார்வையாளராக மட்டும் போய் வாருங்கள். பெயர் எப்படிக் கொடுப்பது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், நேரம் முடியப்போவதை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பல இடங்களில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அரங்கின் பின்புறம் விளக்கைக் காட்டுவார்கள். விளக்கைப் பார்த்தால் கடைசி ஜோக்குக்குப் போய்விடுங்கள். எவ்வளவு நன்றாகப் போனாலும் நேரத்தைத் தாண்டாதீர்கள், அது உங்களுக்குப் பின்னால் வருபவரின் நேரம். உங்கள் முறை முடிந்ததும் கிளம்பிவிடாமல் மற்றவர்களுக்கும் கைதட்ட இருங்கள். வாய்ப்புகள் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வழியாகத்தான் வரும்.

சிரிப்பே வரவில்லையா? “ஜோக்தாங்க, சிரிங்க” என்று கேட்காதீர்கள், கூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த ஜோக்குக்கு நகருங்கள்.

ஒவ்வொரு முறையும் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு, சிரிப்பு வந்த இடத்துக்கு எழுத்தில் ஒரு குறி போடுங்கள். உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள்: படபடப்பில் நல்ல சிரிப்பும் காதில் விழாது, ஒரே ஒருவர் சிரித்ததும் அரங்கமே அதிர்ந்ததாகத் தோன்றும். அடுத்த மேடையில் அதே ஐந்து நிமிடத்தையே சொல்லுங்கள், ஒன்றிரண்டு வரியை மட்டும் மாற்றி. தினமும் புதிதாக எழுதிக்கொண்டு போனால் ஜோக் மோசமா, சொன்ன விதம் மோசமா, அன்றைய கூட்டம் அப்படியா என்று ஒருபோதும் தெரியாது.

படி 6: தொகுப்பாளராக நில்லுங்கள்

உங்கள் ஐந்து நிமிடம் பல கூட்டங்களில் எடுபட்ட பிறகு, சிறிய நிகழ்ச்சி ஒன்றைத் தொகுக்கக் கேளுங்கள். இங்கே மனநிலை மாற வேண்டும். அந்த மாலை உங்களுடையதல்ல, அடுத்து ஏறப்போகிறவருடையது.

முதலில் ஏறுகிறவர் நீங்கள்தான், கூட்டம் இன்னும் சூடாகியிருக்காது. முன்வரிசை காலியாக இருந்தால் பின்னால் இருப்பவர்களை அழைத்து உட்கார வையுங்கள். நெருங்கி உட்கார்ந்தால்தான் சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். போனை அமைதியாக வைக்கச் சொல்வது போன்ற அறிவிப்புகளை இப்போதே முடித்துவிடுங்கள்.

அறிமுகம் இரண்டு வரி போதும். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் கடைசி வார்த்தையாக வரட்டும், கைதட்டல் அங்கேதான் எழும். “வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்” என்று வாக்கு கொடுக்காதீர்கள், அந்தச் சுமை அவர் தலையில்தான் விழும். அவர் பேசப்போகும் விஷயத்தை முந்திக்கொண்டு தொடவும் வேண்டாம். முந்தையவர் உருக்கமாக முடித்திருந்தால் சில நொடி அமைதி கொடுத்துப் பேசுங்கள். அவர் சரியாகச் செய்யாமல் போயிருந்தால் அதைக் கிண்டல் செய்யாதீர்கள். அதில் கிடைக்கும் சிரிப்பு மலிவானது.

நிறுவன விழா, திருமண வரவேற்பு என்று போகும்போது நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்குங்கள். யாரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யலாம், எந்த விஷயத்தைத் தொடவே கூடாது என்று ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேளுங்கள். வந்தவர்கள் உங்களைப் பார்க்க வந்தவர்கள் அல்ல. சிறப்பு விருந்தினர் தாமதமாவார், புரொஜெக்டர் நின்றுபோகும். அதற்காகப் பத்து நிமிடச் சரக்கு எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

படி 7: பணம்

கற்றுக்கொள்ளும் மேடையில் இலவசமாக ஏறலாம். டிக்கெட் விற்கும் மேடையில் கேட்டு வாங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் ‘காமெடி ஸ்டோர்’ அரங்கில் 1979இல் கலைஞர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அங்கே பலருக்குச் சம்பளம் என்பதே வந்தது.

வேலை கேட்டு அனுப்ப, மூன்று நான்கு நிமிடம் வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த வீடியோ ஒன்று வேண்டும். கூட்டத்தின் சிரிப்பு அதில் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒப்புக்கொள்ளும் முன் எத்தனை நிமிடம், எத்தனை பேர், மைக்கும் ஸ்பீக்கரும் யார் பொறுப்பு, பயணச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் ஒரு பதில் வந்தாலே போதும். முன்பணம் வந்த பிறகு அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.